மயிலர் பார்த்துக்கொண்டு நின்றார்

"அவளின்ர கையில ஃபோன் இருந்ததை நான் கண்டனான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"நான் இல்லையெண்டு சொல்லேல்லை அண்ணை. கதைச்சுக்கொண்டு வந்தவளோ எண்டுதான் கேட்டனான்."

"பின்ன, காதில பிடிச்சு அதுக்குக் காத்து வாங்கக் காட்டினவளோ?"

விதுசனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மீன் கொத்துகிற நேரம் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டான்.

இருவரும் மருதடிக் குளத்தின் அணைக்கட்டில் தூண்டிலோடு இருந்தார்கள். ஃபோனைக் கண்டவன் குகதாசன். நாற்பதைத் தாண்டியவன், கண்டாவளைக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலத்தடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். விதுசன் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். இளம் வயது, எதையும் இரண்டு தரம் கேட்டுத் தெளிகிற பழக்கம் உள்ளவன். அன்றைக்கு மயிலருக்கு எட்டுச் செலவு. செத்தவர் ஆசையோடு சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். மயிலருக்குப் படைக்கக் கடைமீன் வாங்குவதா என்று ஊர் முழுக்கக் கேட்க, அவர் இருந்து பிடித்த இடத்திலேயே ஒரு விராலைப் பிடித்துத் தருவதாகச் சொல்லிக் குகதாசன் விடியவே வந்து குந்தியிருந்தான்.

மயிலர் என்றால் மயில்வாகனம். ஆனால் முழுப்பெயரை அவருடைய மரண அறிவித்தலில்தான் பலர் முதன்முதலாகப் படித்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குக் கழகம் நடத்தும் தூண்டில் போட்டியில் அவரை வென்றவர் கிடையாது. சீட்டுக் குலுக்கி ஆளாளுக்குக் கட்டில் ஓர் இடம் பிரிப்பார்கள். விசில் ஊதினால் தூண்டில் தண்ணீரில் விழவேண்டும், மறுவிசில் ஊதினால் எழும்பவேண்டும். அவரவர் பறியில் கிடப்பதை முல்லைத்தீவிலிருந்து வரும் மீன் வியாபாரி றுமைஸ் தன் தராசில் போட்டு, "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுறன்" என்று நிறையைச் சொல்லுவார். பிறகு வென்றவன் மீனும் தோற்றவன் மீனும் ஒரே பானையில் கூழாகிவிடும். முதலிடம் எப்போதும் மயிலருக்கு. இரண்டாமிடம் எப்போதும் குகதாசனுக்கு. "ரெண்டாமிடத்தைக் காணி மாதிரி உனக்கு உறுதி முடிச்சுத் தந்தாச்சு குகன், இனி அதை ஆரும் பறிக்கேலாது" என்று மயிலர் சொல்ல, கட்டு முழுவதும் சிரிக்கும். குகதாசனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் புளிப்பு இருக்கும், அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் அவர்மேல் யாருக்கும் பொறாமை வரவில்லை. காரணம், மயிலர் தன் மீனைவிட மற்றவன் மீனுக்குத்தான் அந்தரப்படுவார். "உன்ர தடியில கொத்துதடா, இழு" என்று பக்கத்து இடத்துக்காரனுக்குச் சொல்லிவிடுவார். போட்டியில் எந்த மடையன் அப்படிச் சொல்வான்? சொல்லிவிட்டு, வென்றும் விடுவார்.

வெல்லும் இரகசியத்தை அறிய ஊர் படாத பாடில்லை. மயிலர் தூண்டிலுக்குத் தக்கை கட்டுவதில்லை. நூலை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருப்பார். ஒரு வருடம் எல்லோரும் தக்கைகளைக் கழற்றி எறிந்தார்கள். அந்த வருடம் பானையில் கூழுக்குப் போட மீன் காணாமல் றுமைஸிடம் வாங்க வேண்டியதாயிற்று. மயிலருக்குத் தூண்டில் முள்ளைக் கட்டிக் கொடுப்பது அவர் மனைவி விமலேஸ்வரி. "மனுசி கட்டினாத்தான் ராசி" என்பார். அடுத்த வருடம் ஊர் ஆண்களெல்லாம் தத்தம் மனைவிமாரிடம் முள்ளையும் தங்கூசி நூலையும் நீட்டினார்கள். குகதாசனின் மனைவி, "ராசியில்லாமலோ உம்மைக் கட்டிக்கொண்டு கிடக்கிறன், இதையும் கட்டவோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மயிலர் சைக்கிளில் ஏறமாட்டார், உருட்டிக்கொண்டே நடப்பார். "சைக்கிளுக்கு நடை பழக்கிறன்" என்பார். அதிலும் ஏதோ சூட்சுமம் இருப்பதாக நம்பி, சைக்கிள் கடைக்காரனான குகதாசனே ஒரு போட்டி நாளில் தன் சைக்கிளை வீட்டிலிருந்து குளம்வரை உருட்டிப் பார்த்திருக்கிறான்.

அப்படிப்பட்ட மனிதர் செத்துப்போனார் என்பதை ஊரால் இன்னும் விழுங்க முடியவில்லை. சண்டைக்காலத்தில் செல்லடிக்குத் தப்பினவர். புடையன் பாம்பு கடித்துத் தப்பினவர். யானை துரத்தித் தப்பினவர். கடைசியில் பட்டப்பகலில், பத்தடி அகலத் தார் ரோட்டில், விளையாட்டுச் சாமான் போன்ற ஒரு பற்றறி ஸ்கூட்டி தட்டி, தலை மதகுச் சுவரில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்தார். செத்தவீட்டில் ஆட்கள் அழுததைவிட முழித்ததுதான் அதிகம்.

ஸ்கூட்டியில் வந்தவள் யதுர்ஷிகா. அடுத்த ஊர், ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை, இருபத்தொரு வயது. இப்போது மறியலில், சிறைக்குள் இருக்கிறாள். "ஐயா என்னைப் பாத்துக்கொண்டுதான் நிண்டவர். பாத்திட்டு நிக்கிறார், என்னைப் போக விடுவார் எண்டு நான் வந்தனான். கிட்ட வரேக்க இறங்கினவர்" என்று பொலிசில் சொன்னாளாம். அதைக் கேட்டு ஊரே காறித் துப்பியது. கண்ணால் பார்த்துவிட்டு ஒரு மனிதன் வண்டிக்கு முன்னால் இறங்குவானா? தன் கடைக்குக் கிட்ட நடந்ததால் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் குகதாசன். அவள் காதில் ஃபோன் இருந்ததைக் கண்டவனும் அவனே. அதைப் பொலிசில் எழுதிக் கொடுத்தான். கடையில் நின்றவர்களுக்குச் சொன்னான், அவர்கள் முகநூலில் போட்டார்கள், மூன்றாம் நாள் லண்டனிலிருந்து ஒருவர், அவள் காதலனோடு கதைத்துக்கொண்டு வந்ததாக விவரம் எழுதினார். பெண்ணின் தாய் செத்தவீட்டுக்கு வந்தபோது படலையில் மறித்துத் திருப்பி அனுப்பியதும் குகதாசன்தான்.

"வாற செவ்வாய் வழக்காம்," என்றான் விதுசன். "பிணை குடுக்கக்கூடாதெண்டு எல்லாரும் கையெழுத்து வைச்சு..."

தடி வளைந்தது. குகதாசன் எழும்பி இழுத்தான். கரும்பச்சை முதுகோடு ஒரு விரால், முழங்கை நீளம், கட்டின் புல்லில் விழுந்து அடித்தது. மயிலர் இருந்திருந்தால் கையில் தூக்கி ஆட்டிவிட்டு நிறையைச் சொல்லியிருப்பார். றுமைஸின் தராசு பிறகு அதை ஆமோதிக்கும்.

"உங்கட கணக்கில இது முதலாமிடம் அண்ணை," என்றான் விதுசன்.

"பொத்தடா வாயை," என்றான் குகதாசன். அதில் கோபம் இல்லை.

*

மயிலர் வீட்டு முற்றத்தில் தறப்பாள் பந்தல் இன்னும் அவிழ்க்கப்படாமல் நின்றது. பின்பக்கத்தில் மூன்று அடுப்புகள் எரிந்தன. குகதாசன் மீனைக் குசினியில் கொடுத்துவிட்டுத் திரும்ப, விமலேஸ்வரி அறை வாசலில் நின்று கூப்பிட்டா.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. தடி கேட்டனீங்களாம்."

மயிலரின் தூண்டில் தடியைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கழகக் கட்டடத்தில் வைப்பதாகத் தீர்மானம். குகதாசன் அறைக்குள் போனான். தடி அலுமாரிக்குப் பின்னால் சாத்தியிருந்தது. எத்தனை வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்த தடி. ஆனால் கையில் எடுப்பது இதுதான் முதல் தடவை. மூங்கில் வழவழவென்று இருந்தது. அவன் நூலைப் பிடித்து, உருவிக்கொண்டே முள்ளை நோக்கிப் போனான். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நூலில் ஒரு சின்ன முடிச்சு, தையல் நூலால் கட்டியது. இன்னும் கொஞ்சம் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முடிச்சு. அதற்குக் கீழே முள்.

இதுதான் அந்த இரகசியம் என்று அவனுக்குத் தோன்றியது. நெஞ்சு குதித்தது. செத்த மனிதரின் அறையில் நின்றுகொண்டு இப்படிச் சந்தோசப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

"அக்கா, இது என்ன முடிச்சு?"

"நான் போட்டது."

"என்னத்துக்கு?"

"முள்ளு வருகுதெண்டு அவருக்குத் தெரிய. இல்லாட்டி விரலில ஏத்திப்போடுவார்."

"முள்ளு அவற்ர கண்ணுக்குத் தெரியாதோ?"

"தெரியாது," என்றா விமலேஸ்வரி.

குகதாசன் சிரித்தான். மயிலர் வீட்டில் எல்லோரும் பகிடிக்காரர் என்று நினைத்தான். அவா சிரிக்கவில்லை. அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தா.

"கண் நரம்பாம். முதல்ல ரெண்டு பக்கத்தாலயும் இருட்டிக்கொண்டு வந்தது. குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்கெண்டு சொன்னவர். பிறகு குழாயும் அடைச்சுப்போச்சு. கடைசி நாலைஞ்சு வருசம் வெளிச்சமோ இருட்டோ எண்டு மட்டுந்தான் தெரியும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. போன சித்திரைக்கு என்ர சேட்டைப் பாத்து, புதுச் சேட்டோ எண்டு கேட்டவர்."

"புதுத்துணி மணக்கும் தம்பி."

"றோட்டில நான் வர, தூரத்திலயே பேர் சொல்லிக் கூப்பிடுறவர்."

"உங்கட சைக்கிள் செயின் கவறில முட்டுற சத்தம். சைக்கிள் கடைக்காரனே தன்ர சைக்கிளைத் திருத்தாமத் திரியிறான் எண்டு சொல்லிச் சிரிப்பார்."

குகதாசன் தடியைப் பிடித்தபடி நின்றான். தெரிந்த ஒரு வீட்டுக்குள் பழக்கத்தில் நுழைந்தவனுக்கு, அங்கே சுவர்களெல்லாம் இடம் மாறி நிற்பதுபோல இருந்தது. தக்கை கட்டாத தூண்டில். பார்க்க முடியாதவனுக்குத் தக்கை எதற்கு? வானத்தைப் பார்த்த முகம். அது எதையும் பார்க்கவில்லை. உருட்டிக்கொண்டு போன சைக்கிள். முன்சில்லு முதலில் பள்ளத்தைக் கண்டு சொல்லும். 'உன்ர தடியில கொத்துதடா.' தடிநுனி தண்ணீரைத் தொடுகிற அந்தச் சின்னச் சத்தத்தைக் கண் உள்ள ஒருத்தனும் கேட்டிருக்கவில்லை.

பிறகு தோள். சீட்டு எடுத்து முடிந்ததும் மயிலர் வருடந்தோறும் குகதாசனின் தோளில் கையைப் போட்டுக்கொள்வார். "தோக்கப்போறவன்ர தோளில கை போட்டுக்கொண்டு போறதுதான் மரியாதை. வா, என்ர இடத்தைக் காட்டிப்போட்டு நீ போ." கட்டு நீளத்துக்கும் அந்தக் கை அவன் தோளில் பாரமாகக் கிடக்கும். எல்லோரும் கூவுவார்கள். அவன் கொஞ்சம் அவமானத்தோடும் கொஞ்சம் பெருமையோடும் நடப்பான். அது பகிடி என்றே நினைத்திருந்தான். அந்தக் கை அவனைப் பிடித்து நடந்த கை.

"ஏன் அக்கா சொல்லேல்லை? எங்களுக்குச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?" விமலேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தா. "விளையாட்டுப் போட்டியில கால் இல்லாத பெடியளுக்கு ஒரு ஓட்டம் வைக்கிறியள். கை இல்லாத ஆக்களுக்கு ஒரு போட்டி வைக்கிறியள். முடிய எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டுறியள். அது நல்லதுதான், நான் பிழை சொல்லேல்லை. ஆனா அவர் சொன்னார், எனக்கும் தனியா ஒரு கதிரை போட்டு, தனியா ஒரு கிண்ணம் தந்து, அழுதழுது கை தட்டுவாங்கள். எனக்கு அது வேண்டாம், குகனை வெல்லுறதெண்டா குகனுக்குப் பக்கத்தில இருந்துதான் வெல்லவேணும் எண்டு."

வெளியே யாரோ அடுப்புக்கு விறகு கேட்டார்கள். குகதாசன் கட்டிலின் மறு ஓரத்தில், அனுமதி கேட்காமலே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடமாகக் கண் தெரியாத ஒருவரிடம் தோற்றிருக்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்தபிறகு அதில் நோவு இல்லை. வேறொரு இடம் நொந்தது. அது எங்கே என்று தெரியவில்லை.

"அக்கா," என்றான். "றோட்டை எப்பிடிக் கடக்கிறவர்?"

இதைத்தான் கேட்பான் என்று அவா காத்திருந்ததுபோல இருந்தது.

"நிண்டு கேப்பார். ரிப்பர் லொறி வந்தா ரெண்டு வளைவுக்கு முதலே கேக்கும். லான்ட் மாஸ்டர் உழவு மிசின் வாறது ஊருக்கே கேக்கும். மோட்டச்சைக்கிள், பாண் விக்கிறவன், சைக்கிள் எண்டாலும் ஒரு சரசரப்பு இருக்கும். சத்தம் வாற பக்கத்துக்கு முகத்தைத் திருப்பி, போக விட்டுட்டு இறங்குவார். இத்தினை வருசம் ஒரு கீறல் பட்டதில்லை."

அவா நிறுத்தினா. குகதாசன் மிச்சத்தைத் தானே கேட்டுக்கொண்டான். பற்றறி ஸ்கூட்டிக்குச் சத்தம் இல்லை. போன மாதம் அது ஒன்று அவன் கடைக்குக் காற்றடிக்க வந்தபோது, பின்னால் வந்து நின்றதே தெரியாமல் அவனே துள்ளி விழுந்தான்.

ரோட்டோரத்தில் மயிலர் நிற்கிறார். முகம் அவள் வரும் பக்கம் திரும்பியிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கத்தில்தான் வாய்க்கால் தண்ணீர் சத்தமிடுகிறது. கண் இரண்டும் திறந்திருக்கின்றன. ரோட்டில் ஒன்றும் இல்லை என்று காது சொல்கிறது. இறங்குகிறார்.

ஐயா என்னைப் பாத்துக்கொண்டுதான் நிண்டவர்.

"அவள் சொன்னது உண்மை," என்றான் குகதாசன்.

"ஓம். அவள் இப்பிடிச் சொன்னவள் எண்டு ஆக்கள் வந்து சொன்ன அண்டைக்கே எனக்குத் தெரியும். ஆனா அப்ப எனக்கு வாய் வரேல்லை. குருட்டு மனுசனைத் தனிய விட்டவள் எண்டு என்னைச் சொல்லுவினம் எண்ட பயமும் இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன்."

"ஆனா அக்கா, ஃபோன். அவளின்ர காதில ஃபோன் இருந்தது. அதை நான் கண்டனான். அது பொய்யில்லை."

"பொய்யெண்டு நான் சொல்லேல்லை." விமலேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "நீங்கள் ஓடிப்போய்க் கொஞ்சத்தில அம்புலன்ஸ் வந்ததெல்லோ?"

"ஓம்."

"நீங்களோ கூப்பிட்டனீங்கள்?"

"இல்லை. நான் அவரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு..."

"கடையில நிண்ட ஆக்களோ?"

கடையில் நின்றவர்கள் அவனுக்குப் பிறகுதான் ஓடிவந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்கி நிமிர முன்பே அம்புலன்ஸின் ஊளை கேட்டது. அதை யார் அழைத்தது என்று அந்த ஊரில் ஒருவரும் இதுவரை யாரையும் கேட்கவில்லை. அவரவர் மற்றவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவனுக்கு அந்த இடம் திரும்ப வந்தது. சரிந்து கிடந்த ஸ்கூட்டியின் பின்சில்லு ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ரோட்டில் முழங்காலில் இருந்தாள். ஒரு கை மயிலரின் தலைக்குக் கீழே. மறுகையில் ஃபோன், காதோடு. அவள் கத்தினாள், கத்தினது அவனுக்குக் கேட்டிருந்தது. 'வாய்க்கால் பாலத்தடி, ஓம், மூச்சு இருக்கு, கெதியா வாங்கோ.' எட்டு நாளும் அந்தச் சொற்கள் அவன் காதுக்குள்ளேயே கிடந்தன. ஃபோனை மட்டும் எடுத்து ஊருக்குக் காட்டினவன், அவற்றை எடுத்துப் பார்க்கவில்லை. மயிலர் சும்மா செத்துப்போக முடியாது, யாரோ ஒருவர் கொன்றிருக்க வேண்டும் என்று அவனுக்கு அந்த நிமிடமே தேவைப்பட்டிருந்தது.

தடியைக் கட்டிலில் வைத்தான். அவன் வேண்டுமென்றே பொய் சொன்னவனில்லை, அது அவனுக்குத் தெரியும். அந்தத் தெரிதலால் இப்போது ஒரு பிரயோசனமும் இல்லை. மறியலில் இருப்பவளுக்கு அவன் எழுதிக் கொடுத்த வரிதான் பூட்டு.

படலையில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம். கழகத்துக்காரர், குளத்தோரத்துக்காரர், றுமைஸ், எல்லோரும். முற்றத்தில் செருப்புகள் உரசின. யாரோ கதிரைகளை விரித்தார்கள்.

"குகண்ணை," என்று வெளியிலிருந்து விதுசன் கூப்பிட்டான். "எல்லாரும் வந்தாச்சு. படைக்க முதல் நீங்கள்தான் ரெண்டு வார்த்தை கதைக்கிறதெண்டு சொன்னாங்கள். அந்தக் கையெழுத்துத் தாளும் கொண்டந்திருக்கிறன்."

குகதாசன் எழும்பவில்லை. கதவுக்கு வெளியே அவனுக்காக நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒவ்வொருவருக்கும் அவனே சொன்ன கதை அது.

விமலேஸ்வரி எழும்பி, கதவின் கொண்டியில் கையை வைத்தா. திறக்கவில்லை.

"நான் சொன்னா, பொம்பிளை மனம் இரங்கிச் சொல்லுறா எண்டுவினம். அந்தப் பிள்ளையின்ர தாய் எனக்குக் காசு குடுத்தவள் எண்டும் சொல்லுவினம். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு, ஆனா இண்டைக்கு ஊரே இஞ்ச இருக்கு. அவருக்குக் கண் தெரியாதெண்டதையும் சொல்லுங்கோ, அம்புலன்சைக் கூப்பிட்டது அந்தப் பிள்ளை எண்டதையும் சொல்லுங்கோ. எல்லாருக்கும் முன்னால, உங்கட வாயால சொல்லுங்கோ தம்பி."